வாழ்த்தை வசையாக்கிய மாயக்கயிறு

முன்னொரு காலத்திலே, மீனும் மானும் மனிதரோடு பேசித் திரிந்த காலத்திலே, மணியாறு என்று ஒரு பெரிய ஆறு ஓடிற்று. வடகரையில் குவளைபுரி, அதற்கு அரசர் வீரகேது. தென்கரையில் தாழைநாடு, அதற்கு அரசி மாதங்கி. ஆற்றின் நடுவே ஒரு தீவு. தீவு முழுக்க மாந்தோப்பு. அது யாருக்குச் சொந்தம் என்பதில்தான் சண்டை. இரண்டு கரையிலும் யானையும் குதிரையும் வந்து நின்றுவிட்டன.

வீரகேதுவுக்குப் போரில் துளியும் விருப்பமில்லை. தன் தூதர் நறுங்கோதையை அழைத்தார். அவள் பேச ஆரம்பித்தால் கோபத்தில் எழுந்தவர்கூட உட்கார்ந்து கேட்பார்.

"தீவை ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொள்வோம். அரசியை விருந்துக்கு அழைத்து வா, அம்மா" என்றார்.

நறுங்கோதை தானே துடுப்புப் போட்டு ஆற்றைக் கடந்தாள். சபையிலே கை கூப்பினாள். "உங்கள் முடி வாழ்க! தோழியே, விருந்துக்கு வாருங்கள்! இது எங்கள் அரசர் சொன்னது" என்றாள்.

அரசியின் முகம் சிவந்தது. "விரட்டுங்கள் இவளை!"

ஏன் என்று நறுங்கோதைக்கு விளங்கவில்லை. மறுநாளும் போனாள். குரலில் தேன் குழைத்து அதையே சொன்னாள். அரசி சிம்மாசனத்தை விட்டே எழுந்துவிட்டாள்.

"இன்னொரு தடவை இப்படிப் பேசினால் உன் தலை உருளும்! நாளை விடிந்ததும் போர்!"

நறுங்கோதை கலங்கிப்போய்ப் படகில் ஏறினாள். "என்ன தப்பாகச் சொன்னேன்? 'உங்கள் முடி வாழ்க' என்றுதானே?" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள்.

பக்கத்தில் நீந்திய ஒரு நீர்நாய் காதைப் பொத்திக்கொண்டது. "ஏனம்மா, நான் பாட்டுக்கு மீன் பிடிக்கிறேன். என்னைப் போய் 'வீழ்க' என்கிறாயே!"

"ஐயோ, 'வாழ்க' என்றுதான் சொன்னேன்!"

நடு ஆற்றைத் தாண்டியதும் மறுபடி சொன்னாள். "இப்போது சரியாகக் கேட்கிறது" என்றது நீர்நாய். உடனே தலையில் அடித்துக்கொண்டது. "புரிந்தது! மந்திரவாதி சடைநாகனின் வேலை இது. தன் மீசை முடியைத் திரித்து, கண்ணுக்குத் தெரியாத கயிறாக நடு ஆற்றில் கட்டியிருக்கிறான். அதைத் தாண்டி வந்து யார் வாழ்த்தினாலும் வசையாகத்தான் கேட்கும். இரண்டு படையும் அடித்துக்கொண்டு மாண்டால் இரண்டு நாடும் அவனுக்கு!"

"வாளால் வெட்டலாமா?"

"வெட்டாது."

"நெருப்பு வைக்கலாமா?"

"எரியாது."

"வேறு என்னதான் வழி?"

"கயிற்றுக்கு நேர் மேலே சொல் திரியாது. அந்த இடத்தில் இரண்டு நாடுகளை ஆள்பவர்களும் சேர்ந்து சிரித்தால் அறுந்துபோகும்."

நறுங்கோதை யோசித்தாள். சட்டென்று படகைத் திருப்பி மறுபடி கயிற்றைத் தாண்டித் தென்கரைப் பக்கம் வந்தாள். நீர்நாயைப் பார்த்து, "அடி முட்டாளே!" என்றாள்.

நீர்நாய் மீசையைத் தடவிக்கொண்டது. "அறிவாளி என்கிறாயா? எல்லாரும் சொல்வதுதான்."

அவ்வளவுதான். நேரே தாழைநாட்டுச் சபைக்குப் போனாள். இருபுறமும் உருவிய வாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னாள்: "உங்கள் முடி வீழ்க! கோழையே, நடு ஆற்றுக்கு மருந்துக்கு வாருங்கள்!"

கழுத்தில் ஏதோ குளிர்ச்சியாகப் பட்டது. வாள் என்று நினைத்தாள். கண்ணைத் திறந்தால் முத்துமாலை!

"எவ்வளவு இனிமையாக அழைக்கிறாய்! விருந்துக்கு வருகிறேன்" என்றாள் அரசி மாதங்கி.

நறுங்கோதை போய் அழைக்க, பொழுது சாய்வதற்குள் வீரகேதுவும் வந்துவிட்டார். ஒரே படகில் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து ஆளுக்கொரு கரையைப் பார்த்தார்கள். படகு கயிற்றுக்கு மேலே வந்து நின்றது.

அரசி கேட்டாள்: "இரண்டு தடவை வைதவளுக்கு மூன்றாம் தடவை எப்படிப் பணிவு வந்தது?"

"உயிருக்கு அபயம் தந்தால் உண்மையைச் சொல்கிறேன், அரசியாரே."

"தந்தேன்."

"முதல் இரண்டு தடவை வாழ்த்தினேன். சடைநாகன் இங்கே கட்டிய மாயக்கயிறு அதை வசையாக்கிவிட்டது. மூன்றாம் தடவைதான் வைதேன், அது வாழ்த்தாகக் கேட்டது. 'முடி வீழ்க, கோழையே, மருந்துக்கு வாருங்கள்' என்றேன்."

வீரகேதுவின் வாய் பிளந்தது. "இவர் சபையில் நின்றுகொண்டா சொன்னாய்?"

அரசி நறுங்கோதையையே பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள். "அதற்கு நான் முத்துமாலை வேறு போட்டேனே!"

அப்போது தண்ணீருக்குள்ளிருந்து ஒரு தலை நீண்டது. "அப்படியானால் என்னை நீ என்னவென்று சொன்னாய்?" என்றது நீர்நாய்.

அரசிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். படகு குலுங்கக் குலுங்க இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். படார்! மாயக்கயிறு அறுந்தது. தீவில் மாமரக் கிளையில் உட்கார்ந்திருந்த சடைநாகன் தொப்பென்று விழுந்தான். மீசையும் போயிற்று, மந்திரமும் போயிற்று. ஓடிய ஓட்டத்தில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்தது. போர்முரசு முழங்க வேண்டிய நேரத்தில் கல்யாண மேளம் போல ஒரு கொட்டு. யானைகள் தீவுக்குச் சோற்று அண்டா சுமந்தன.

ஆனால் புதிதாக ஒரு வம்பு கிளம்பியது. "தீவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் அரசர். "ஐயையோ, உங்களுக்குத்தான்" என்றாள் அரசி. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை! அதற்கும் நறுங்கோதையே நடுவில் புகுந்து, பசித்து வருகிற எவருக்கும் அந்தத் தோப்பு சொந்தம் என்று முடித்துவைத்தாள். இரண்டு நாட்டுக்கும் அவளே தூதரானாள்.

தோப்பில் பழம் தின்ற வாயெல்லாம் அன்று இனித்தது. கதை கேட்ட காதெல்லாம் இன்று இனிக்கட்டும்!