செம்பன் கரட்டைத் தட்டிப் பார்த்தவள்

ஆறுகளுக்குப் பாலம் கட்டத் தெரியாத காலத்தில், ஒரு நாட்டில் ஒரு ராஜா இருந்தார். பேர் வேண்டாம், ராஜா என்றால் போதும். நல்ல மனுஷர்தான். அவருக்குக் கெட்ட பழக்கம் ஒன்றே ஒன்று. யார் எதை எழுதி நீட்டினாலும் கீழே முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டார். ராஜாவுக்கு ஆயிரம் வேலை.

அந்த நாட்டின் மேற்கு ஓரத்தில் செம்பன் கரடு என்று ஒரு குன்று நின்றது. அதன் அடியில் முப்பது வீடு, ஒரு குளம். அங்கே நாச்சாள் என்று ஒருத்தி குளத்து மண்ணை எடுத்துப் பானை வனைந்து பிழைத்தாள். புருஷன் செத்துப் பல வருஷம். ஒரே மகள் அரும்பை உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்திருந்தாள். ஊரின் கடைசி வீடு அரும்பின் வீடு. அதன் பின்சுவரே கரடுதான். 

நாச்சாளின் காதைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. சூளையிலிருந்து எடுத்த பானையை அவள் விரலால் தட்டுவாள். வெந்ததா, வேகாததா, எங்கேயாவது விரிசல் ஓடுகிறதா, கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஊரில் கிணறு வெட்டினால் குழியைச் சுற்றி ஓலைத் தட்டி கட்டி மறைப்பார்கள். தோண்டுகிறவன் வெளியே வந்து, "வந்து பாருங்க" என்று கூப்பிடும் வரை யாரும் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண்பட்டு ஊற்று ஓடிப்போய்விடும் என்று நம்பிக்கை. நிலத்துக்குச் சொந்தக்காரனே பார்க்க மாட்டான். அப்படி ஒரு கட்டுப்பாடான ஊர்.

இந்த ஊருக்குத்தான் பொன்னுரங்கர் வந்தார். ராஜாவின் முத்திரை பெற்ற பெரிய வணிகர். சிரித்த முகம். ஊரைக் கூட்டி வைத்து, "கரட்டுக்குள்ளே பெரிய ஊற்று இருக்கிறது. உங்களுக்காகத் தோண்டப் போகிறேன்" என்றார். சனங்கள் கும்பிட்டார்கள். கிணற்று வழக்கத்தையும் அவர்களே வலிய எடுத்துச் சொன்னார்கள். அவர் மூன்று தரம் கேட்டுக்கொண்டார். நிஜமாகவே யாரும் எட்டிப் பார்க்க மாட்டீர்களா, நிஜமாகவே, நிஜமாகவே என்று. மறுநாளே கரட்டின் பின்பக்கம் பனை உயரத்துக்குத் தட்டி எழும்பியது.

ஒரு வருஷம் போயிற்று. தண்ணீர் வரவில்லை. இரண்டு வருஷம் போயிற்று. தண்ணீர் வரவில்லை. மூன்று வருஷமும் போயிற்று. தினமும் வைக்கோல் மூடிய வண்டிகள் மட்டும் கரட்டிலிருந்து போய்க்கொண்டே இருந்தன. வெட்டிய மண்ணைக் கொட்டப் போகிறது என்று ஊர் நினைத்தது. வெளியூர்க்காரன் எவனாவது தட்டிப் பக்கம் தலையை நீட்டினால், ஊர்ப்பெரியவர் தொட்டப்பன் தடியை எடுத்துக்கொண்டு ஓடுவார். பொன்னுரங்கர் வரும்போதெல்லாம் அரும்பின் வாசலில் வண்டியை நிறுத்தி அவள் கையால் ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடிப்பார். "மகராசியாய் இரும்மா" என்று வாழ்த்திவிட்டுப் போவார்.

அந்த ஆடியில் நாச்சாளின் சூளையில் பானைகள் வெடித்தன. கை தவறிவிட்டது என்று நினைத்தாள். மறுபடி அடுக்கினாள். மறுபடி வெடித்தன. விறகு சரியில்லை என்று நினைத்தாள். மூன்றாம் தரம் வேறு விறகு போட்டாள். அப்போதும் வெடித்தன. உடைந்த பானைச் சில்லை நக்கிப் பார்த்தாள். நாக்கு சுருண்டது. மண்தான் கெட்டிருந்தது.

குளத்துக்கு ஓடினாள். ஓரத்துத் தண்ணீர் மயில்துத்தம் கரைத்த மாதிரி நீலமாகக் கிடந்தது. கெண்டை மீன்கள் வயிறு தெரிய மிதந்தன. முந்தின வாரம் கூட இந்தத் தண்ணீரில்தானே கால் கழுவினோம் என்று அவளுக்குத் திக்கென்றது.

தொட்டப்பனிடம் போய்ச் சொன்னாள்.

"அண்ணா, கரட்டுக்குள்ள என்னமோ நடக்குதுங்க. ஒருக்கா தட்டியை விலக்கிப் பாத்துரலாம்."

"வாயைக் கழுவு நாச்சா. மூணு வருசம் பொறுத்தாச்சு. இன்னைக்கோ நாளைக்கோ ஊத்து வர்ற நேரத்துல கண்ணு வெக்கச் சொல்றியா?"

"பாக்கக் கூடாதுங்கறது வழக்கம், சரிங்க. தட்டக் கூடாதுன்னு ஏதாச்சும் வழக்கம் இருக்குதுங்களா?"

தொட்டப்பன் யோசித்தார். அப்படி எதுவும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

நாச்சாள் வீட்டுக்குப் போய், பூண் போட்ட உலக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கரட்டின் வடக்கு அடிவாரத்தில் இடித்தாள். தொப்பென்று சத்தம் வந்தது. உள்ளே நிறைந்திருக்கிறது. நடுவில் போய் இடித்தாள். சத்தம் லேசாகியிருந்தது. மூன்றாவதாக மகள் வீட்டுக்குப் பின்னால் போய் இடித்தாள்.

ணங் என்றது கரடு. வெறும் பானையின் சத்தம்.

நாச்சாளின் கையிலிருந்து உலக்கை விழுந்தது. அவள் ஆயிரம் பானை தட்டியவள். அந்தச் சத்தத்தில் அவளுக்குச் சந்தேகமே வராது. தினமும் காலையில் கும்பிட்ட கரடு, பிறந்ததிலிருந்து பார்த்த கரடு, உள்ளே ஒன்றுமில்லாமல் வெறும் ஓடாக நின்றுகொண்டிருந்தது. விரிசலும் விட்டிருந்தது, அந்த நடுக்கமும் அவள் காதுக்குக் கேட்டது. இரண்டு மாதத்தில் ஐப்பசி மழை. விரிசல் விட்ட பானையில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசலில் ஏழு மாதக் கர்ப்பிணியான அரும்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

தொட்டப்பன் நம்பவில்லை. ஊரும் நம்பவில்லை. மாப்பிள்ளைகூட, "அத்தைக்குச் சூளை வெடிச்சதுல புத்தி கலங்கிருச்சு" என்றான். நாச்சாள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு மூன்று நாள் நடந்து ராஜாவின் சபைக்குப் போனாள்.

ராஜா பொறுமையாகக் கேட்டார். பொன்னுரங்கரை வரவழைத்தார். அவர் சிரித்தபடியே ஒரு பட்டயத்தை நீட்டினார்.

ராஜா அன்றுதான் முதல் முறையாக முத்திரைக்கு மேலே இருப்பதைப் படித்துவிட்டு, "அம்மா, நீ சொல்வது எனக்கு விளங்கவில்லை. இது கிணறு வெட்ட அல்ல, கரட்டில் செம்பு எடுக்க. அதற்கு உங்கள் ஊர் சம்மதம் கொடுத்திருக்கிறது. செம்பு கொஞ்சம்தான் கிடைக்கிறது என்று வருஷத்துக்கு ஒரு வண்டி எனக்கும் வருகிறது" என்றார்.

நாச்சாள் ஒரு படி முன்னால் வந்தாள். செம்பா? சம்மதமா? வருஷத்துக்கு ஒரு வண்டியா?

"ராசா, தினமும் ஒம்பது வண்டி எங்க வாசல் வழியாத்தானுங்க போகுது. எங்களை யாருங்க கேட்டாங்க?"

இப்போது ராஜா திடுக்கிட்டார். அவர் நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஓர் ஊரின் மண்ணைத் தொடுவதென்றால் அந்த ஊரில் முரசு அறைந்து மூன்று முறை கேட்க வேண்டும். மூன்று முறையும் யாரும் மறுக்காவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். முரசறைந்த வீரணனைக் கூப்பிட்டார்கள்.

"கேட்டேன் மகாராஜா. மூன்று முறை கேட்டேன். யாரும் மறுக்கவில்லை."

"என்னைக்குங்க கேட்டீங்க?" என்றாள் நாச்சாள்.

"ஆடிப் பதினெட்டு அன்றைக்கு."

சபையில் அந்தப் பக்கத்து ஆட்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ஆடிப் பதினெட்டுக்குச் செம்பன் கரட்டு சனம் மொத்தமும் ஆற்றுக்குப் போய்விடும். கிழவர், குழந்தை, நோயாளி எல்லோரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். நாய் கூடப் பின்னாலேயே போய்விடும்.

"அன்று ஊரில் யார் இருந்தார்கள்?" என்று ராஜா கேட்டார்.

வீரணன் தரையைப் பார்த்தான். "ஒரு கழுதை இருந்தது மகாராஜா. அன்றைக்கே போ என்று சொன்னவர் வணிகர்தான்."

"அது என்னோட கழுதைங்க. மண்ணு சுமக்கற கழுதை" என்றாள் நாச்சாள். "அது சும்மாவா இருந்துச்சு?"

"இல்லை. மூன்று முறையும் கத்தியது."

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. ஒரு நாட்டின் சட்டத்தை ஒரு கழுதைதான் மதித்துப் பதில் சொல்லியிருக்கிறது என்பதில் சிரிக்க என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

பொன்னுரங்கர் மட்டும் அசரவில்லை. "சட்டப்படி மறுப்பு இல்லை, மகாராஜா. கரடும் கல்லாட்டம் நிற்கிறது. ஒரு பானைக்காரி உலக்கையால் இடித்துவிட்டுப் பயப்படுகிறாள். அவ்வளவுதான்" என்றார்.

 தட்டிய சத்தத்தை மூட்டை கட்டிக் கொண்டுவந்து சபையில் அவிழ்க்க முடியுமா? நாச்சாள் யோசித்தாள். பிறகு கைகூப்பினாள்.

"ராசா, கரடு கல்லாட்டம் நிக்குதுன்னா நல்லதுங்க. எம் மகளை நான் கூட்டிக்கறேன். அந்தக் கடைசி ஊட்டுல இந்த ஐப்பசி மழை முடியற வரைக்கும் இவரு குடியிருக்கட்டும். இருந்துட்டார்னா நான் இனி வாயே திறக்கமாட்டேனுங்க."

ராஜா வணிகரைப் பார்த்தார். "குடியிருப்பீரா?"

பொன்னுரங்கரின் முகத்திலிருந்த சிரிப்பு நின்றது. இருப்பேன் என்றால் உயிர் போகும். மாட்டேன் என்றால் மானம் போகும். அவர் பேசவில்லை.

ராஜா இரண்டாம் முறை கேட்டார். பேசவில்லை.

மூன்றாம் முறை கேட்டார். அப்போதும் பேசவில்லை.

"மூன்று முறை கேட்டாயிற்று. மறுப்பு இல்லை. ஆகவே சம்மதம்" என்றார் ராஜா. "வண்டி கட்டுங்கள். இவரைக் கொண்டுபோய் அந்த வீட்டில் விடுங்கள்."

காவலர்கள் கையைப் பிடித்ததும் பொன்னுரங்கர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "வேண்டாம் மகாராஜா. அந்தக் கரடு இந்த மழைக்குத் தாங்காது. கரட்டைத் தாங்க வெட்டாமல் விட்டுவைத்த கல்தூணையெல்லாம் போன மாதமே எடுத்தாயிற்று. அதிலும் செம்பு இருந்தது."



கரடு வெறும் கூடு என்று நாச்சாளுக்கு முன்னமே தெரியும். இந்த மனுஷருக்கும் அது தெரியும் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"போன வாரம் கூட அரும்பு கையால மோர் வாங்கிக் குடிச்சீங்களே" என்றாள். "மகராசியா இருன்னு சொன்னீங்களே."



ராஜா தாமே செம்பன் கரட்டுக்கு வந்தார். தட்டியைப் பிரிக்கச் சொன்னார். ஊர் சனம் முதல் முறையாக உள்ளே பார்த்தது. அவர்கள் எதிர்பார்த்தது ஒரு கிணறு. அங்கே இருந்தது மூன்று தேர் ஒன்றாக நுழையக்கூடிய இருட்டு. மேலே விரிசல் வழியாக வானம் கீற்றுக் கீற்றாகத் தெரிந்தது. அடியில் நீலத் தண்ணீர் தேங்கி, குளத்தைப் பார்த்துக் கசிந்துகொண்டிருந்தது.  தொட்டப்பன் தடியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"மூணு வருசம் இந்தத் தட்டிக்கு நாமதானே காவல் இருந்தோம்" என்றார். "எட்டிப் பாக்க வந்தவனை எல்லாம் நாமதானே விரட்டுனோம்."



முப்பது குடும்பமும் ஆற்றுப் பக்கம் மேட்டு நிலத்துக்குப் போனது. பொன்னுரங்கரின் சொத்து முழுவதையும் ராஜா அந்தக் குடும்பங்களுக்கே கொடுத்தார். அவரை நாட்டை விட்டுத் துரத்தினார். மழையின் பதினோராம் நாள், பட்டப்பகலில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செம்பன் கரடு உட்கார்ந்தது. ஆமாம், விழவில்லை, களைத்துப்போன ஆள் மாதிரி உட்கார்ந்தது. கடைசி வீடு எங்கே இருந்தது என்று பிறகு யாராலும் காட்ட முடியவில்லை. அரும்பு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் திசையையே பார்த்தாள். பிள்ளை பிறந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

சொத்து வந்தது. கரடு வரவில்லை. குளத்தில் இன்றுவரை மீன் இல்லை. நாச்சாள் மண்ணுக்காகக் கழுதையோடு ஐந்து கல் தூரம் நடந்தாள்.

ராஜா பழைய சட்டத்தை அழித்துப் புதிதாக எழுதினார். இந்த முறை மேலிருந்து கீழ்வரை தாமே படித்துவிட்டுத்தான் முத்திரை வைத்தார். எந்தக் குழியைச் சுற்றியும் தட்டி கட்டக் கூடாது. என்ன எடுக்கிறார்கள், எவ்வளவு எடுக்கிறார்கள் என்று ஊர் நடுவில் தினமும் உரக்கச் சொல்ல வேண்டும். ஊர் சனம் ஊரில் இருக்கும் நாளில்தான் கேட்க வேண்டும். அவர்கள் வாயால் "சரி" என்று சொன்னால்தான் மண்வெட்டியைத் தூக்கலாம்.

கதை இங்கே நின்றது. நீதி உங்களோடு வீட்டுக்கு வரட்டும்: ஒரு மண்ணைத் தோண்டுகிறவன் அந்த மண்ணில் வாழ்கிறவர்களின் கண்ணெதிரே, அவர்கள் வாய்திறந்து சம்மதித்த பிறகே தோண்ட வேண்டும். மறைத்து எடுப்பது எதுவானாலும் அது திருட்டுதான்.