தங்கக் குடைக்கு ஆசைப்பட்ட விர்யோ

கடலுக்கு அந்தப் பக்கம் ஜாவாத் தீவு, அந்தத் தீவுல யோக்யகர்த்தான்னு ஒரு பழைய ஊரு, அந்த ஊர்ல விர்யோன்னு ஒரு வெத்துவேட்டு இருந்தான். ம் சொல்லு. சொன்னாத்தான் மேல சொல்வேன்.

ஊருக்கு வடக்க புகையுற எரிமலை, தெக்க கடல், நடுவுல சுல்தான் அரண்மனை. ஆறு மாசம் வெயில் பொளக்கும், ஆறு மாசம் மழை சோன்னு ஊத்தும். எரிமலைச் சாம்பல் மழையில கரைஞ்சு வந்து வாய்க்கால அடைச்சுக்கும். தூர் வாரலேன்னா கீழத்தெரு முங்கிரும். போன வருஷம் அப்படித்தான் சுமிரா வீட்டுல இடுப்பளவு தண்ணி. அவ துணியில மெழுகால சித்திரம் எழுதி சாயம் போடுறவ. வருஷம் பூரா எழுதினது அத்தனையும் போச்சு. இந்த வருஷமும் போனா அவளுக்குச் சோறு கிடையாது, பாவம்.

அப்புறம் மழைக்கு முன்னால வாய்க்கால் அதிகாரி வேலை காலியாச்சு. எனக்குத்தான்னு வந்து நின்னான் விர்யோ. எதுக்கு, மண்வெட்டி பிடிக்கவா? அட போ. அந்த வேலையில இருக்கறவருக்குத் தங்க முலாம் பூசின குடையும், அதைத் தலைக்கு மேல பிடிக்க ஒரு ஆளும் உண்டு. அதுக்கு.

அரண்மனைக்குப் பின்னால மைதானத்துல ரெண்டு ஆலமரம். கண்ணைக் கட்டிக்கிட்டு நடுவுல நேரா நடந்து போயிட்டா மனசு சுத்தம்னு அந்த ஊர் வழக்கம். நடந்து காட்டுறேன், வேலையைக் குடுங்கன்னான். அரண்மனை மந்திரியும் மூணு தடவை நடந்து பாரு, ஒரு தடவை நேராப் போனாப் போதும்னுட்டாரு. அவருக்கும் வேற வேலை இல்ல.

முதல் தடவை தொப்பு தொப்புன்னு போனான். இடது பக்கமாவே இழுத்துக்கிட்டுப் போய், பலாக்காய்க் குழம்பு விக்கிற அம்மா சட்டியில கால விட்டான். சளக். காத்து தள்ளிருச்சுன்னான். ஒரு இலை கூட அசையல.

அப்புறம் ரெண்டாவது தடவை. நேராப் போய் மரத்துல முட்டினான். ணங். வெயில் தலைக்கேறிருச்சுன்னான். வானம் பூரா மேகம்.

ம் சத்தம் குறையுதே. முழிச்சிருக்கியா? சரி.

அப்போ தடதடன்னு இடி இடிச்சுது. மூணாவது தடவை, கண்ணுக்கட்டைச் சரி பண்ற மாதிரி லேசா மேல தூக்கிக்கிட்டான் திருட்டுப்பய. மைதானத்து ஓரத்துல மெழுகு காய்ச்சிக்கிட்டிருந்த சுமிரா பாத்துட்டா. சொன்னா யாரு நம்புவா? கொதிக்கிற மெழுகுச் சட்டியை எடுத்துட்டுப் போய் அவன் வர்ற வழியிலயே உக்காந்துட்டா.

விர்யோ விறுவிறுன்னு வந்தான். கிட்ட வந்ததும் கைலியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அவளைச் சுத்திப் போனான்.

"ஏங்க சுத்திப் போறீங்க?"ன்னா சுமிரா.

"மெழுகு சுடுமே"ன்னான்.

கண்ணைக் கட்டினவன் சொல்ற பேச்சைப் பாரு. ஊரே கெக்கெக்கேன்னு சிரிச்சுது. சுமிரா சிரிக்கல. நேராப் போய் வாய்க்கால்ல இறங்கி வெட்ட ஆரம்பிச்சா. அப்புறம் கீழத்தெருவே பின்னால இறங்குச்சு. மூணு நாள் வெட்டினாங்க. நாலாம் நாள் மழை சோன்னு கொட்டுச்சு, தண்ணி கடகடன்னு கடலுக்கு ஓடிருச்சு, சுமிரா வீட்டுப் படி கூட நனையல.

மந்திரி வெக்கப்பட்டுக்கிட்டு அந்தத் தங்கக் குடையை, பிடிக்கிற ஆளோட அவளுக்கு அனுப்பினாரு. அவ குடையைச் சாயத் தொட்டிக்கு மேல கட்டிட்டு, ஆள் கையில ஒரு மண்வெட்டியைக் குடுத்தா.

அவ்வளவுதான், கதை வீட்டுக்குப் போயிருச்சு. கண்ணை மூடு. இடுக்கு வழியாப் பாக்காம, நல்லா மூடு.