ஆட்டு முழங்கால் அளவு

வானம் பார்த்த சீமையில் கோரப்பொட்டல் என்றொரு ஊர். அங்கே ஆடு அதிகம், புல் குறைவு, யோசனை மட்டும் ஏராளம்.

அந்தக் கோடையில் ஒரே ஒரு மழை பெய்து, பொது மேய்ச்சல் காட்டில் புல் தலைகாட்டியது. அதுவும் கருகினால் இருளாயி தன் சினையாடுகளைச் சந்தைக்கு ஓட்டியாக வேண்டும். பிள்ளை போல வளர்த்தவை, பாவமாகத்தான் இருந்தது. ஊர் கூடிக் காட்டின் வடக்குப் பாதியை முள்வேலி போட்டு மூடியது. கால்நடை டாக்டரும் வந்து சொன்னார்:

"புல் முழங்கால் அளவு வளர்ற வரைக்கும் வடக்க ஒரு ஆடும் மேயக் கூடாது."

அவர் போனதும் சண்டை தொடங்கியது.

"யாரு முழங்கால்?" என்றான் வெள்ளையன்.

"தலைவரு முழங்கால்தான்" என்றது கூட்டம்.

"எனக்கு அதுல வாதம். அத நம்பி ஒரு காரியம் செய்ய முடியாது" என்றார் தலைவர் சேவுகக்கோனார்.

"மேயப் போறது ஆடு. ஆட்டு முழங்கால்தான் நியாயம்" என்றாள் இருளாயி.

மறுநாள் அவளுடைய மூத்த ஆட்டை அளவெடுக்க வேலிக்குள் விட்டார்கள். அது உடனே தலை குனிந்தது.

"பாத்தீங்களா, அதுவே குனிஞ்சு முழங்காலப் பாக்குது!" வெள்ளையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பேசாதீங்கப்பா, அளவு தப்பிரும்" என்றார் கோனார்.

பொழுது சாயும்வரை ஆடு பார்த்தது. பிறகு கோனார் போய்ப் பார்த்தார். புல் குளம்புக்கே வரவில்லை.

"இன்னும் வளரணும்" என்றார்.

மற்றவர்களுக்குப் பொறுக்கவில்லை. பொதுக் காட்டுக்கு ஒருத்தி ஆட்டு முழங்கால் மட்டும் எப்படிச் செல்லும்? அன்றிலிருந்து ஊர் ஆடு அத்தனையும் தினமும் அளவுக்குப் போயின. நடுவில் எதுவும் திருட்டுத்தனமாக மேய்ந்துவிடக் கூடாதென்று ஆளுக்கொரு கம்போடு காவல் நின்றார்கள். ஒன்றுகூட மேயவில்லை. எல்லாம் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தன. தெற்குப் பாதியில் மேய்க்க யாருக்கும் நேரமில்லை.

டாக்டர் திரும்பி வந்தபோது வடக்கே வெறும் மண். ஆடுகளோ உருண்டு திரண்டிருந்தன. இருளாயி மடியில் இரட்டைக் குட்டி.

"புல்லு எங்கய்யா?"

"இன்னும் முழங்காலுக்கு வரல சார்."

"அப்ப ஆடு எதத் தின்னு கொழுத்துச்சு?"

"திங்கவே இல்ல சார், நாங்கதான காவல். காட்ட மூடினதுக்கே இப்படிக் கொழுத்துப்போச்சு" என்றார் கோனார் பெருமையாக. "அதான் இன்னைக்குக் காலையில தெக்குப் பாதியையும் மூடிட்டோம். அங்க அளவெடுக்க ஆட்ட அனுப்பியாச்சு."