மூன்று மடங்கு வேகம்

எல்லோரும் டீச்சர் என்று அழைத்த மீனாம்பிகைக்கு முப்பத்தெட்டு வயது. அவரிடம் பாடம் கேட்டுவந்த அருளப்பனுக்கு நாற்பத்தேழு. இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. இணையச் செயலி எழுதும் தொழிலில் வயதை யாரும் கேட்பதில்லை. யார் உடைத்தார், யார் சரிசெய்தார் என்றுதான் கேட்பார்கள்.

உடைத்தவர் அருளப்பன். சரிசெய்தவர் டீச்சர்.

திண்டுக்கல்லில் ஒரு டயாலிசிஸ் மையம். பன்னிரண்டு படுக்கைகள். சிறுநீரகம் பழுதானவர்கள் வாரம் மூன்று நாள் அங்கே வந்து ரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு போவார்கள். எந்த நாள், எந்த நேரம் என்று கைப்பேசியிலேயே பதிவு செய்துகொள்ள ஒரு செயலி உண்டு. அதை அருளப்பனும் அவர் குழுவில் இருந்த மூன்று பேரும் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன் அருளப்பன் மதுரையில் நடந்த இணையச் செயலியாளர் மாநாட்டுக்கு வந்தார். செயலிகளை எழுத அடித்தளமாக அமையும் புதிய ஃப்ரேம்வொர்க் ஒன்றைப் பற்றிய அமர்வைக் கேட்டார். ஊருக்குத் திரும்பி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த செயலியை அதில் முழுவதும் புதிதாக எழுதினார்.

பழைய செயலியில் பதிவுப் பொத்தானை ஒருமுறை அழுத்தியதும் அது மங்கிவிடும், மறுபடி அழுத்த முடியாது. நிரலில் யாரோ எப்போதோ எழுதிய ஒரு வரி. ஏன் எழுதினார் என்ற குறிப்பு இல்லை. புதியதில் அது தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள்.

புதிய செயலி ஒரு செவ்வாய்க்கிழமை ஓடத் தொடங்கியது. சிக்னல் மெதுவாக இருந்த ஊர்களில் நோயாளிகள் பொத்தானை இரண்டு முறை அழுத்தினார்கள். அப்படி அழுத்தியவர்களுக்கெல்லாம் இரண்டு படுக்கை பதிவானது. பட்டியலில் பன்னிரண்டும் நிரம்பியிருந்தன. உள்ளே இருந்தவர்கள் ஏழு பேர். மற்றவர்களுக்கு இடமில்லை என்று பதில் போனது. நத்தத்தில் ஒரு தச்சர் அந்தப் பதிலை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டார். மாலையில் மூச்சு வாங்க, ஆட்டோவில் தூக்கிவந்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

அன்று யாரோ கொடுத்த எண்ணில் அருளப்பன் டீச்சரை அழைத்தார். டீச்சர் போனிலேயே கேள்வி கேட்டுக் கேட்டு, விட்டுப்போன அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்துத் திரும்ப வைக்கச் சொன்னார். அதற்குப் பிறகு அருளப்பன் அவரைக் கேட்காமல் எதையும் தொடுவதில்லை.

இந்த வருடமும் மாநாட்டுக்கு வந்திருந்தார்கள். அருளப்பன் முதல் வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்லைடையும் போட்டோ எடுத்தார். டீச்சர் கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் நாள் முற்பகல், இளங்கீரன் என்பவர் பேசினார். சென்னையில் பெரிய நிறுவனம் ஒன்றில் இருப்பவர். தெளிவாகப் பேசினார், சிரிக்கவும் வைத்தார். கடைசி ஸ்லைடில் மூன்றே சொற்கள் இருந்தன: மூன்று மடங்கு வேகம். அரங்கம் கைதட்டியது.

அருளப்பன் நாற்காலிகளைத் தாண்டிக்கொண்டு டீச்சரிடம் வந்தார்.

"பார்த்தீங்களா டீச்சர்?"

"பார்த்தேன்."

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி இதே ஆள்தான் அந்த ஃப்ரேம்வொர்க்கை ஆகா ஓகோன்னாரு. அதை நம்பித்தான் எழுதினேன். இன்னைக்கு அது ஆமையாம். இது புதுசாம். மூணு மடங்காம்."

"ஆமா, அப்படித்தான் சொன்னாரு."

"எங்க டாக்டருக்கு இதை மெசேஜ் போட்டேன், நாலு மணிக்குள்ள பதில் கேட்டிருக்காரு. அடுத்த வருஷ வேலைத் திட்டத்தை இன்னைக்கு முடிக்கணுமாம். மறுபடி புதுசா எழுதலாமா, வேண்டாமா? நாலு பேரோட ஒரு வருஷம் டீச்சர். நீங்களே சொல்லிடுங்க."

"பசிக்குது சார். வாங்க."

சாப்பாட்டு வரிசை வராந்தா முழுக்க வளைந்து நின்றது. டீச்சர் நேராகப் போய் இளங்கீரனுக்குப் பின்னால் தட்டோடு நின்றுகொண்டார். அருளப்பன் அவருக்குப் பின்னால் நின்றார்.

"அவர்கிட்ட ஏதாவது கேட்கணும்னா அங்கேயே மைக்குல கேட்டிருக்கலாமே," என்றார் மெதுவாக.

"மைக்குல கேட்டா மைக்குக்குத்தான் பதில் வரும்."

வரிசை நகர்ந்தது. டீச்சர் இளங்கீரனிடம் பேச்சுக் கொடுத்தார்.

"நல்லா பேசினீங்க."

"ரொம்ப நன்றிங்க."

"இந்தப் புதுசு உங்க கம்பெனியில எதுல ஓடுது?"

இளங்கீரன் சாம்பார் சாதத்தை வாங்கிக்கொண்டே சொன்னார். "லீவு விண்ணப்பப் பக்கத்துல. முந்நூறு பேர் பயன்படுத்தறாங்க."

"வாடிக்கையாளர் பார்க்கிறதெல்லாம்?"

"அது பழசுதாங்க. பதினோரு வருஷத்துப் பழசு. அதுல கை வச்சா எங்க மேனேஜர் என்னை உயிரோட விடமாட்டாரு." அவரே சிரித்தார். "அப்பளம் எடுத்துக்கங்க, தீரப்போகுது."

டீச்சர் அப்பளம் எடுத்துக்கொண்டார்.

இருவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அருளப்பன் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குப் போகவில்லை.

"லீவு விண்ணப்பம்! அதுக்கு மூணு மடங்கு வேகம் எதுக்கு டீச்சர்? லீவு என்ன ஓடியா போயிடும்?"

"பொய் சொல்லலையே. வேகமாத்தான் இருக்கும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? நாற்பது நிமிஷம் பேசினாரு. லீவுப் பக்கம்தான்னு சொல்ல ரெண்டு வினாடி ஆகுமா? கேட்கிறவன் நேரா ஊருக்குப் போய் நோயாளிங்க மேல வைப்பான்னு அவருக்குத் தெரியாதா? நானா இருந்தா முழுசா சொல்லியிருப்பேன்."

டீச்சர் தட்டைக் கழுவப் போனார். திரும்பும்போது வராந்தாச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளின் முன் நின்றார். பிற்பகல் இரண்டரைக்கு ஐந்து நிமிடப் பேச்சுகள். விருப்பமுள்ள எவரும் பெயர் எழுதலாம் என்று அதில் இருந்தது. டீச்சர் பேனாவை எடுத்து எழுதினார். அருளப்பன் பின்னால் வந்து படித்தார்.

அருளப்பன், திண்டுக்கல். பொருள்: எங்கள் செயலியைப் புதிதாக எழுதிய கதை.

"என்ன டீச்சர் இது?"

"உங்க பேரு."

"அது தெரியுது. நான் மேடையில பேசினதே இல்லையே."

"அஞ்சு நிமிஷம்தான். நாலு ஸ்லைடு போதும். உட்கார்ந்து செய்ங்க."

அருளப்பன் நான்கு ஸ்லைடு செய்தார். முதலாவது, பழைய செயலி. இரண்டாவது, புதியது. மூன்றாவது, வேகக் கணக்கு. நான்காவது ஸ்லைடில் ஒரே ஒரு சொல்: செவ்வாய்க்கிழமை. அதை டீச்சரிடம் காட்டினார். டீச்சர் தலையாட்டினார்.

அவருடைய முறை ஐந்தாவதாக வந்தது. மேடை விளக்கில் கண் கூசியது. முதல் அரை நிமிடம் ஸ்லைடில் இருந்ததை அப்படியே வாசித்தார். பிறகு பழைய செயலியின் ஊதா நிறப் பக்கத்தைக் காட்டியதும் அரங்கில் சிரிப்பு எழுந்தது. அருளப்பனுக்குத் தெம்பு வந்தது. நான்கு பேர் எட்டு மாதம் உட்கார்ந்து எழுதியதைச் சொன்னார். ஒருவர் தன் கல்யாணத்துக்கு முதல் நாள்கூட மடிக்கணினியோடு இருந்ததைச் சொன்னார். மறுபடி சிரிப்பு. மூன்றாவது ஸ்லைடு வந்தது. பக்கம் திறக்க முன்பு ஒன்பது வினாடி, இப்போது மூன்று.

"மூணு மடங்கு வேகம்," என்றார்.

கைதட்டல் எழுந்தது. இருபது முப்பது கைப்பேசிகள் உயர்ந்து அந்த ஸ்லைடைப் போட்டோ எடுத்தன. மேடை ஓரத்தில் இருந்தவர் ஒரு நிமிடம் மீதி என்று அட்டை காட்டினார்.

அருளப்பன் அட்டையைப் பார்த்தார். கைதட்டியவர்களைப் பார்த்தார்.

"அவ்வளவுதாங்க. நன்றி," என்றார்.

படியிறங்கியதும் ஒரு பெண் வேகமாக அவரிடம் வந்தாள். பெயர் செண்பகவல்லி என்றாள். ராஜபாளையத்தில் வேலை.

"சார், நாங்களும் டயாலிசிஸ்தான். எட்டுப் படுக்கை. புதுசா எழுதலாமான்னு இந்த வருஷம் முழுக்க யோசிச்சுக்கிட்டே இருந்தோம். உங்க பேச்சைக் கேட்டதும் எங்க டாக்டருக்கு இப்பவே மெசேஜ் போட்டுட்டேன், திங்கட்கிழமை ஆரம்பிச்சிடலாம்னு."

"நல்லதும்மா."

"பிரச்சினை ஏதாவது வந்துச்சா சார்?"

"சின்னச் சின்னது வரும்மா. எதுல வரலை?"

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அருளப்பன் கதவுப் பக்கம் வந்து டீச்சரின் அருகில் உட்கார்ந்தார். டீச்சர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"எப்படி இருந்துச்சு டீச்சர்?"

"நல்லா இருந்துச்சு. தடுமாறாம பேசினீங்க."

"நிஜமாவா?"

"அதான் எல்லாரும் கைதட்டினாங்களே."

மேடையில் அடுத்தவர் பேசத் தொடங்கினார். அருளப்பன் தண்ணீர் குடித்தார். பாட்டிலை மூடினார். மறுபடி திறந்தார். மணி மூன்று பத்து. மேடையில் இருந்தவர் என்ன சொல்கிறார் என்று அவர் காதில் விழவில்லை. டீச்சர் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அருளப்பன் எழுந்து வெளியே போனார். முதலில் நடந்தார். வராந்தாவில் ஓடினார்.

செண்பகவல்லி வாசல் படியில் நின்று செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். நான்கு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

"அம்மா, கொஞ்சம் நில்லுங்க. ஒண்ணு விட்டுட்டேன்."

"என்ன சார், இப்படி மூச்சு வாங்குது உங்களுக்கு? உட்காருங்க."

படியிலேயே உட்கார்ந்தார்கள். செவ்வாய்க்கிழமையைச் சொன்னார். பொத்தானைச் சொன்னார். பன்னிரண்டு பெயர் இருந்த பட்டியலையும் ஏழு பேர் இருந்த அறையையும் சொன்னார். நத்தத்துத் தச்சரைப் பற்றிச் சொல்லும்போது நிறுத்தி, மறுபடி தொடங்கினார்.

செண்பகவல்லி பையிலிருந்து நோட்டை எடுத்து மடியில் வைத்தாள்.

"எங்க ஆப்லயும் ஒண்ணு இருக்கு சார். பதிவு முடிஞ்சதும் ஒரு மூணு வினாடி சும்மா நிக்கும். எதுக்குன்னு யாருக்கும் தெரியாது. முதல் வேலையா அதைத்தான் தூக்கணும்னு இருந்தோம்."

"தூக்காதீங்க. வச்சவரைக் கேளுங்க."

"அவரு வேலையை விட்டுட்டு தேனியில தோட்டம் வச்சிருக்காரு சார்."

"தோட்டத்துல போன் எடுக்கமாட்டாரா?"

அவள் சிரித்துவிட்டாள். கைப்பேசியை எடுத்து டாக்டருக்கு இன்னொரு மெசேஜ் எழுதினாள். திங்கட்கிழமை வேண்டாம் சார், முதலில் ஒருவரிடம் பேசவேண்டியிருக்கிறது. அனுப்பிவிட்டு அருளப்பனுக்கும் காட்டினாள். பிறகு எந்த வரி, எங்கே இருந்தது, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டாள். அருளப்பன் அவளுடைய நோட்டிலேயே வரைந்து காட்டினார். நான்கு மணி பஸ்ஸுக்கு அவள் கிளம்பியபோது மணி மூன்று நாற்பத்தைந்து.

அருளப்பன் அங்கேயே நின்று டாக்டரை அழைத்தார்.

"என்ன அருளப்பன், புதுசா எழுதறோமா?"

"இல்லை சார். இப்ப இருக்கிறதே இருக்கட்டும்."

"மூணு மடங்கு வேகம்னு காலையில மெசேஜ் போட்டீங்களே?"

"வேகமாத்தான் இருக்கும் சார். ஆனா பழைய செயலியில இருந்து நாம எடுத்துட்டு வராம விட்டது இன்னும் கொஞ்சம் இருக்கு. ஒவ்வொண்ணும் எதுக்கு இருந்துச்சுன்னு பார்த்து எழுதி வைக்கணும். வர்ற வருஷம் அதைச் செய்யறோம்."

மறுமுனையில் பேனா கீறும் சத்தம் கேட்டது.

"இதைக் கண்டுபிடிக்கவா ரெண்டு நாள் மதுரையில இருந்தீங்க?"

"ஆமா சார்."

"சரி, எழுதிக்கிட்டேன். திங்கட்கிழமை வாங்க."

அருளப்பன் உள்ளே வந்தார். அரங்கம் காலியாகிக்கொண்டிருந்தது. நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் மேடை வரை வந்திருந்தது. டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"டாக்டர்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன் டீச்சர்."

"சரி."

"அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன்."

"சரி."

அருளப்பன் கொஞ்சம் தயங்கினார்.

"மேடையில ஒரு நிமிஷம் மீதி இருந்துச்சு."

"அட்டையை நானும் பார்த்தேன்."

"நான் சொல்லமாட்டேன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது."

"இளங்கீரனைப் பார்த்தா ஒரு வார்த்தை சொல்லணும் டீச்சர். மத்தியானம் ரொம்பப் பேசிட்டேன் அவரை."

"அவருக்கு எங்க கேட்டுச்சு? மரத்துக்குத்தான் கேட்டுச்சு."

அருளப்பன் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"நீங்க மேடையில பேசியிருக்கீங்களா டீச்சர்?"

"மூணு தடவை."

"நீங்க எதை விட்டீங்க?"

டீச்சர் பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். அடுக்கிய நாற்காலிகளில் இரண்டை எடுத்துப் போட்டார்.

"உட்காருங்க சார். கொஞ்சம் நேரம் ஆகும்."