நாச்சிமுத்து சார் ஓட்டிய மூன்று கார்கள்

மறுநாள் ஆடி பிறக்கிறது. ஆடியில் எங்கள் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளிகூட வாங்க மாட்டார்கள், காரா வாங்க விடுவார்கள்? ஆகவே அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் மூன்று ஹைப்ரிட் கார்களில் ஒன்றை நான் புக் பண்ணியே தீர வேண்டும். பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும், பிரேக் போட்டால் பேட்டரி தானே சார்ஜ் ஏறிக்கொள்ளும் என்கிற வகை. எது நல்லது என்று ஏழு மாதமாக நோட்டீஸ்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அன்று காலை என் மனைவி பூங்கொடி ஸ்கூட்டரை விட்டு இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கும் முடிவு பண்ணலைன்னா ஆவணி வரைக்கும் நீங்க தனியாவே இதுல போங்க. நான் பஸ்ல போயிக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். கோபத்தில் சொல்லவில்லை, வலியில் சொன்னாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

டெஸ்ட் டிரைவ் போகாமல் இல்லை. மூன்றையும் தலா பத்து நிமிடம் என்று கொடுத்தார்கள். ஒன்றில் அந்தப் பத்து நிமிடமும் ரயில்வே கேட்டிலேயே நின்றேன். மூன்றிலும் ஏசி ஜில்லென்று இருந்தது என்பதற்கு மேல் என் மண்டையில் எதுவும் ஏறவில்லை.

மதியம் ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே இதைச் சொல்லிப் புலம்பினேன். எதிரே அறிவியல் டீச்சர் கோகிலவாணி. பக்கத்தில் பி.டி. மாஸ்டர் நாச்சிமுத்து சார். ஜூன் மாதம்தான் எங்கள் பள்ளிக்கு மாறுதலில் வந்தவர். வந்த ஒரே மாதத்தில், மாவட்டப் போட்டியில் அவர் எறிந்த ஈட்டி இன்னும் கீழே இறங்கவில்லை என்பதுவரை எங்களுக்குச் சொல்லி முடித்திருந்தார்.

"இதுக்குப் போயி ஏனுங்க சார் மண்டைய ஒடச்சுக்கறீங்க? அந்த மூணையும் போன ஞாயித்துக்கெழம ஈரோட்டுல ஓட்டிப் பாத்துட்டு வந்தவன் பக்கத்துலயே உக்காந்திருக்கறேன்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. "மூணையுமா சார்?"

"மூணையுமுங்க. ஒரே நாளு."

கோகிலவாணி டீச்சர் தயிர் சோற்றிலிருந்து தலையைத் தூக்கினார். "அந்த ஈட்டி எறங்கிருச்சுங்களா சார்?"

அது அவர் காதிலேயே விழவில்லை. "மொதல்ல வெள்ளைக் காருங்க. அதுல சத்தம்ங்கறதே கெடையாது. ஷோரூம்காரர் பக்கத்துல உக்காந்துட்டு, இது ஸ்டீரிங்கு, இது ஏசின்னு வெளக்கிட்டே இருக்கறாரு. நானும் ஊங் கொட்டிட்டே ஓட்டறேன். கால் மணி நேரம் வெளக்கி முடிச்சுட்டு, 'செரிங்க சார், இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க'ங்கறாரு. வெளிய பாருங்கன்னேன். கவுந்தப்பாடி வந்துருச்சு."

"வண்டி ஓடறது அவருக்குத் தெரியவே இல்லையா?" என்றார் டீச்சர்.

"அவர உடுங்க. ஷோரூம் வாசல்ல பானெட்டு மேல ஒரு பூனை படுத்துத் தூங்கிட்டிருந்துச்சு. நான் பாக்காம எடுத்துட்டேன். கோபி போறதுக்குள்ள அது மூணு குட்டி போட்டுருச்சுங்க. அப்பவும் முழிக்கல."

"குட்டி போடறப்பக்கூடவா முழிக்கல?"

"வண்டி அத்தன நைசுங்க டீச்சர்."

எனக்கு வேறு சந்தேகம். "டெஸ்ட் டிரைவுக்கு அஞ்சு கிலோமீட்டருக்கு மேல விட மாட்டாங்களே சார்?"

"அங்கதானுங்க விசயமே இருக்குது. திரும்பி வந்து மீட்டரப் பாத்தா சைபரு! வண்டி ஓடுனது மீட்டருக்கே தெரியல."

நான் ஒரு துண்டுத் தாளை எடுத்து 'வெள்ளை, சத்தமில்லை' என்று எழுதிக்கொண்டேன். சிரிக்காதீர்கள். ஏழு மாதம் முடிவெடுக்க முடியாமல் கிடந்தவனுக்கு எதைப் பார்த்தாலும் ஆதாரமாகத்தான் தெரியும்.

"மைலேஜ் எவ்வளவு குடுக்குது சார்?" என்றேன். நம் ஊரில் கார் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் இந்தக் கேள்விக்குத்தான் வந்து சேரும்.

"மைலேஜுன்னா அது நீலக் காருங்க. லிட்டருக்கு எவ்வளவுன்னு கேட்டா கோவிச்சுக்கும். சொட்டுக்கு எவ்வளவுன்னு கேக்கோணும். பெட்ரோல் பங்குல நிறுத்தி, மூடியத் தொறந்து, பைப்பத் தூரத்துல இருந்தே காட்டுங்கன்னு சொன்னேன். வாசம் பட்டுச்சு. அந்த வாசத்துலயே பவானி போயி, கூடுதுறையில முங்கிக் குளிச்சுட்டு வந்துட்டனுங்க. வந்து பாத்தா டேங்க்ல பெட்ரோல் வழியுது."

"ஊத்தவே இல்லையே சார், எப்படி வழியும்?" டீச்சர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"வண்டி பூரா பேட்டரியிலயே ஓடுச்சுங்களா? பெட்ரோலுக்கு வேலையே இல்ல. மே மாச லீவுல சும்மா இருந்தா நம்மளே ரெண்டு கிலோ ஏறிக்கறமில்லீங்க? அது மாதிரித்தான். பங்குக்காரரு ஓடி வந்து அஞ்சு லிட்டர் எறக்கிட்டு, சார் எவ்வளவு தரட்டும்னு கேக்கறாரு. தானா வர்ற பொருளுக்குக் காசா, வேண்டாம் போங்கன்னுட்டேன்."

"எட்டாங் கிளாஸ் பசங்ககிட்ட மட்டும் இதச் சொல்லிராதீங்க சார். ஆற்றல் மாறா விதிய நேத்துதான் நடத்தி முடிச்சேன்."

"அந்த விதியெல்லாம் சமவெளியில செல்லுமுங்க டீச்சர். மூணாவது வண்டிய நான் திம்பம் மலைக்கு உட்டுட்டேன்."

நாச்சிமுத்து சார் நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார். சாப்பாடு அவருக்கு மறந்தே போய்விட்டது.

"சாம்பக் கலர் காருங்க. ஏறுனது பெருசில்ல, எறங்குனதக் கேளுங்க. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு பிரேக்கு. பிரேக்குக்கு பிரேக்கு சார்ஜு. பத்தாவது வளைவுலயே பேட்டரி ரொம்பிருச்சு. பதினஞ்சுல ஏசி போட்ட போடுல ஷோரூம்காரர் மீசையில பனி புடிச்சிருச்சு. இருபதுல ஒரு ஆனை ரோட்டுக்கு வந்து, கண்ணாடியில கன்னத்த வெச்சுட்டு நகரவே மாட்டேங்குது. பாவம், காட்டுல வெயிலு. கண்ணாடிய எறக்கி அதுக்கும் அஞ்சு நிமிசம் ஏசி காட்டிட்டுத்தான் வந்தேன்."

"அதும் மீசையிலயும் பனி புடிச்சுதுங்களா?"

"ஆனைக்கு ஏதுங்க டீச்சர் மீச? பொய்யி சொல்லக் கூடாது பாருங்க. சத்தியமங்கலம் வந்தா ஊரு பூரா கரண்டு இல்ல. ஒரு ஒயர எடுத்து டிரான்ஸ்பார்மர்ல சொருகுனேன். அத்தன ஊட்டுலயும் லைட்டு, பேனு, மிக்சி எல்லாம் ஓடுது. மீட்டரெல்லாம் பின்னால சுத்துது. கரண்ட் ஆபீஸ்காரங்க ஓடி வந்து, சார் எங்க வேல போயிரும், நிறுத்திக்குங்கன்னு கையெடுத்துக் கும்புட்டாங்க."

"நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்தறதுதானுங்க முடியல! பிரேக் போட்டா சார்ஜ் ஏறுது. சார்ஜ் ஏறுனா வண்டி இன்னும் வேகமா ஓடுது. ஓடுதேன்னு பிரேக் போட்டா இன்னும் ஏறுது. புளியம்பட்டி, அவினாசி, திருப்பூருன்னு அது பாட்டுக்குப் போயிட்டே இருக்குது."

"அப்புறம் எப்படித்தான் சார் நின்னுச்சு?" நானே பதறிப்போய்க் கேட்டேன்.

"ஆக்சிலேட்டர மிதிச்சனுங்க. சார்ஜ் எறங்கி நின்னு போச்சு."

கோகிலவாணி டீச்சர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். சிரிக்கிறாரா, ஆற்றல் மாறா விதிக்காக அழுகிறாரா என்று தெரியவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி ஒன்றே கால் ஆகிவிட்டது. ஆனையைத் தள்ளிவிடலாம், டிரான்ஸ்பார்மரையும் தள்ளிவிடலாம். ஆனாலும் மனுஷர் மலையில் ஓட்டிப் பார்த்திருக்கிறார், பிரேக் நன்றாக இருந்திருக்கிறது, இல்லாவிட்டால் இவ்வளவு தூரம் பேசுவாரா? போனை எடுத்து ஷோரூம் நம்பரைத் தட்டினேன்.

"சாம்பக் கலரையே புக் பண்ணிடறேன். உங்களை நம்பித்தான் சார் எடுக்கறேன்" என்றேன்.

அவர் முகம் தொங்கிப்போய்விட்டது. மணி அடித்துக்கொண்டிருந்த போனை என் கையிலிருந்து பிடுங்கி, கட் பண்ணினார்.

"சார், நெசமாவேவா புக் பண்றீங்க?"

"பின்னே? இன்னிக்கு விட்டா ஆடி. பூங்கொடி இடுப்பைப் பிடிச்சுட்டு பஸ்ல நின்னுட்டுப் போவா."

அவர் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது. "அந்த வண்டிய நான் ஓட்டலீங்க."

"சரி, நீலம்?"

"அதையுமில்லீங்க."

"வெள்ளை?"

"மூணுலயும் நான் பின் சீட்டுலதானுங்க உக்காந்திருந்தேன். ஓட்டுனது எங்கூட்டுக்காரி. அவ டிரைவிங் ஸ்கூல்ல கத்துக் குடுக்கறவ. ஊருல பாதிப் பேரு அவகிட்டக் கத்துக்கிட்டதுதான். எனக்கும் ஆறு வருசமாக் கத்துக் குடுக்கறா, வர மாட்டேங்குது."

டீச்சர் தலையை நிமிர்த்தினார். "அப்ப அவங்களுக்குப் போன் போடுங்க சார். ஸ்பீக்கர்ல."

போட்டார். இரண்டாவது மணியில் எடுத்தார் அந்த அம்மா. "ஏனுங்க, கிளாஸ் நடந்துட்டிருக்குது. சீக்கிரம் சொல்லுங்க."

"அது... ஞாயித்துக்கெழம ஓட்டுனமில்ல, அந்த மூணு காருல எது நல்லாருந்துச்சுன்னு இங்க ஒரு சார் கேக்கறாரு. அவரு ஊட்டம்மாவுக்கு இடுப்பு வலி."

"நீலம் எடுத்துக்கச் சொல்லுங்க. பின் சீட்டு குலுங்கறதில்ல. மைலேஜு சுமாரா வருது. நீங்களே அதுல ஏறுன ஒடனே கொறட்டை உட்டீங்களே, மறந்துட்டீங்களா? வெச்சர்றேன்."

வைத்துவிட்டார். மொத்தம் அரை நிமிடம் ஆகியிருக்காது. நான் அங்கேயே நின்றபடி நீலக் காரை புக் பண்ணினேன். பூங்கொடிக்கும் சொன்னேன். மறுமுனையில் அவள் விட்ட பெருமூச்சு எனக்குப் போதுமானதாக இருந்தது.

நாச்சிமுத்து சார் அதற்குள் ஆறிப்போன சோற்றைப் பிசைய ஆரம்பித்திருந்தார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்?"

அவர் என்னை நிஜமாகவே புரியாமல் பார்த்தார்.

"சொல்லியிருந்தா ஒரே வரியில முடிஞ்சு போயிருக்குமேங்க சார்!"