அரை அங்குலம் குறைந்த ஜாடி

"ரெண்டாவதும் குட்டையாப் போச்சுங்க அம்மிணி," என்றார் நஞ்சப்பன்.

கோயமுத்தூர் வார்ப்படப் பட்டறையில், மண்ணில் பதித்து இரும்பு வார்ப்பதற்கான மர அச்சு செதுக்குபவள் தெய்வாத்தா. நஞ்சப்பன் அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு அவளிடம் தொழில் கற்க வந்தவர். அவள் நிற்பது போலவே நிற்பார், அவள் செருமினால் இவரும் செருமுவார். பிறவியிலேயே இடது கைக்காரர். ஆனாலும் அவளைப் பார்த்து உளியை வலது கையில் பிடித்து அவதிப்படுவார்.

குன்னூர் பங்களா வாசலில் இலை வேலைப்பாடுள்ள இரண்டு வார்ப்பிரும்புப் பூஜாடிகள் இருந்தன. அந்தக் காலத்தில் சீமையில் வார்த்தவை. ஒன்றை லாரி இடித்து நொறுக்கிவிட்டது. மிஞ்சியதற்கு ஜோடி வார்க்கும் வேலையைப் பட்டறை முதலாளி நஞ்சப்பனிடம் தனியாக ஒப்படைத்திருந்தார். தேறினால் அச்சு செதுக்கும் மேசை அவருக்கு. தேறாவிட்டால் மண் சலிக்கப் போக வேண்டியதுதான்.

"அச்சு எங்கண்ணா?"

"செதுக்கலீங்க. கை பிசகிருமோன்னு பயந்து, பழைய ஜாடியவே மண்ணுல பதிச்சு வார்த்தேன். ஒரு இலை மாறலே. இருந்தும் அரை அங்குலம் குறையுது. நாளைக்கு பங்களாக்காரங்க வந்து பார்ப்பாங்க."

தெய்வாத்தா புது ஜாடியைச் சாய்த்தாள். அடியில் சீமைப் பட்டறையின் பெயர் முத்திரையோடு பதிந்திருந்தது.

"அவங்க பேரும் வந்திருச்சாட்ட இருக்குது."

நஞ்சப்பனுக்கு அவமானமாக இருந்தது.

"இதைப் பதிச்சு இன்னொன்னு வார்த்தா?" என்று கேட்டாள் தெய்வாத்தா.

"இன்னும் குட்டையாகும்."

"அதப் பதிச்சா?"

அவர் பழைய ஜாடியைத் தடவிப் பார்த்தார்.

"பழைய ஜாடியில ஏதாச்சும் குறைங்களா அம்மிணி?"

"ஒரு குறையுமில்ல. இரும்பு ஆறுனாச் சுருங்கும்."

அச்சு செதுக்கும்போது அளக்கும் தன் ஸ்கேலை எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் தன்னுடையதை அதன்மேல் வைத்துப் பார்த்தார். அவளுடையது அடிக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், நீளம். நாலடி ஜாடிக்கு அரை அங்குலம்.

"இது தப்பான ஸ்கேலுங்களே!"

"ஆமாங்கண்ணா. அதுலதான் ஜாடி சரியா வரும்."

நஞ்சப்பன் ஒரு மரக்கட்டையை இழுத்துப் போட்டார். உளியை எடுத்தார். வலது கையில் அது கோணலாகவே இறங்கியது.

"நீங்க புடிக்கற மாதிரிதானுங்களே புடிக்கறேன்?"

"அச்சு அசலா அப்படியேதான், அந்தப் புது ஜாடியாட்டவே."

நஞ்சப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு உளியை இடது கைக்கு மாற்றினார்.