தட்டில் மிச்சம்

மாசிலாமணி பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. பேச ஆளில்லாத வீட்டில் இருக்க முடியாமல், மலையடிவார ஆஸ்பத்திரியில் நலிந்துபோன குழந்தைகளுக்கு உணவு ஊட்டும் வேலைக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் குருவாக அமைந்தவள் நர்ஸ் செலினா. அவரைவிட இருபத்தைந்து வயது இளையவள்.

முதல் நாள் அவர் மடியில் நதியாவைக் கிடத்தினாள். இரண்டு வயதுக் குழந்தை, ஆறு கிலோ. அதன் தாய் பெண்கள் வார்டில் காய்ச்சலோடு கிடந்தாள். நதியா அழவில்லை. யாரையும் பார்க்கவும் இல்லை.

செலினா கொடுத்த சத்துப்பால் கால் டம்ளர்தான் இருந்தது.

"இவ்வளவுதானா சிஸ்டர்? பட்டினி கிடந்த பிள்ளையாச்சே."

"இப்போ நிறையக் குடுத்தா அவ நெஞ்சு தாங்காது அண்ணே. மூணு மணிக்கு ஒருதரம், இதே அளவுதான்."

அவர் ஸ்பூனை வாய்க்குள் நுழைக்கப் போனார். செலினா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திணிக்காதீங்க. உதட்டுல வச்சுட்டுக் காத்திருங்க."

"எவ்வளவு நேரம்?"

"அவளா வாயைத் திறக்கிற வரைக்கும்."

முதல் ஸ்பூன் இறங்கக் கால் மணி நேரம் ஆனது. பாதி கழுத்தில் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி உதட்டில் வைத்தார். அப்படியே ஒன்பது நாள்.

பத்தாம் நாள் பால் வரக் கொஞ்சம் தாமதமானது. நதியா அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள். அவர் பதறிப்போய்க் கூப்பிட, செலினா ஓடி வந்தாள். கொஞ்ச நேரம் நின்று அந்த அழுகையைக் கேட்டாள்.

"அழட்டும் அண்ணே. பசிக்குதுன்னு கேக்கத் தெரிஞ்சிடுச்சு அவளுக்கு."

பிறகு பாக்கெட்டில் வரும் கடலை விழுது. அதை அவர் விரலிலிருந்து மட்டும்தான் நதியா சப்பினாள். அவரை "தா" என்று கூப்பிட்டாள். நாற்பதாம் நாள் எட்டுக் கிலோ இருந்தாள். அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தவளைத் தாய் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனாள். மத்தியானத்துக்குள் அந்தக் கட்டிலுக்கு வேறு குழந்தை வந்துவிட்டது.

அதற்கப்புறம் எத்தனையோ குழந்தைகள். எல்லாம் வந்தன, தேறின, போயின. அவர் நினைவில் நின்றவள் நதியாதான்.

ஒரு வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிஸ்கட் பாக்கெட்டோடு மலைமேல் இருக்கும் நதியாவின் ஊருக்குப் பஸ் ஏறினார்.

மறுநாள் வார்டில் அவர் யாரிடமும் பேசவில்லை. செலினாதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நதியாவைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். என்னைப் பாத்ததும் வீல்னு கத்திட்டு அம்மா சேலைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டா. 'இந்த ஐயாதான்டி உனக்கு ஊட்டுனாரு'ன்னு அந்தம்மா சொல்லிச்சு. இல்லைன்னு தலையை ஆட்டுறா. நான் கிளம்புற வரைக்கும் வெளிய வரலை."

செலினா அவர் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"ஏன் சிஸ்டர், இத்தனை பிள்ளைங்களுக்கு ஊட்டுறோம். ஒண்ணுக்குக்கூட நம்ம முகம் நினைவிருக்காதா?"

அவர் குரல் உடைந்தது. அவள் அதைக் கவனிக்காததுபோல் கேட்டாள்.

"நீங்க போனப்போ அவ என்ன பண்ணிட்டிருந்தா?"

"வாசல்ல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தா."

"முழுசாச் சாப்பிட்டாளா?"

"எங்க? பாதியிலயே தட்டைத் தள்ளிவிட்டா. 'வேணாம் போ'ன்னு மிச்சத்தை அள்ளிக் கோழிக்கு வீசினா. அந்தம்மா திட்டிச்சு."

செலினா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது ஈரமாக இருந்தது.

"அப்போ பசியையே மறந்துட்டா அண்ணே. நாம அந்தப் பசிக்குள்ளதானே இருந்தோம்."

மாசிலாமணி அடுத்த கட்டில் குழந்தையை மடியில் கிடத்தி, ஸ்பூனை அதன் உதட்டில் வைத்துக் காத்திருந்தார்.